ரிசார்ட்டுக்குப் போன கவுன்சிலர்கள்

எங்கள் ஊரில் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரையோ கவிழ்க்கப் போகிறார்கள், இல்லையென்றால் கவிழாமல் காப்பாற்றப் போகிறார்கள். எதுவானாலும் கவுன்சிலருக்கு மூன்று வேளையும் பிரியாணி. அதனால் 'பேரூராட்சியின் முன்னுரிமைப் பணிகளைத் தீர்மானிக்கும் இரண்டு நாள் திட்டமிடல் முகாம்' என்று தலைவர் எல்லப்பன் மன்றக் கூட்டத்தில் வாசித்தபோது, நாங்கள் பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இடம் அத்திப்பள்ளி தாண்டி, ஆனேக்கல் பக்கம் ஒரு ரிசார்ட். மாநில எல்லையையே தாண்டுகிறார்கள் என்றால் விஷயம் பெரிசுதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஜுபைர் பேரிகை ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் போட வருகிறவர்கள்கூட "பாய், உங்க வீட்டம்மா யாரு பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு ஹீனா. தலைவரை மாத்தப் போறீங்களா?"

"சாக்கடை கட்டப் போறோம்."

"அதுக்கு எதுக்கு ரிசார்ட்டு?"

எனக்கும் தெரியவில்லை. பெங்களூரில் ஏதோ ஒரு அமைப்பு செலவை ஏற்றுக்கொள்கிறதாம், நம் ஊருக்கு எது முக்கியம் என்று நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எட்டாவது வார்டுக்கு எது முக்கியம் என்று எங்கள் தெருவில் மூக்கு இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எட்டாவது வார்டுக்கும் ஒன்பதாவது வார்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் போன வழியாம். இப்போது மேட்டில் இருக்கிற லேஅவுட்டுகளின் கழிவெல்லாம் அதில்தான் வருகிறது. பக்கச்சுவர் கிடையாது, மூடி கிடையாது. மழை பெய்தால் அது கால்வாயாக இருக்காது, எங்கள் வீட்டு விருந்தாளியாகிவிடும். போன ஐப்பசியில் கெம்பம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. கெம்பம்மா என் வார்டில் மூத்தவள், கோபம் வந்தால் பாதி கன்னடத்தில் பேசுவாள். நனைந்து ஊறிய அரிசி மூட்டையை என் கண் முன்னால் அவள் குப்பையில் கொட்டினாள். அன்றைக்கு அந்தத் தெருவே நிற்க, கால்வாய்ப் பாலத்துக் கல்லின் மேல் நின்று நான் சொன்னேன், அடுத்த மழைக்குள் இதைக் கட்டிக் கொடுக்காவிட்டால் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கமாட்டேன் என்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னதை மனசாரத்தான் சொன்னேன்.

என் பக்கத்தில் அன்றைக்குப் பிரவீனாவும் நின்றாள். "நானும்தான்க்கா" என்றாள் கெம்பம்மாவிடம். அவள் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர். கால்வாய்க்கு அந்தக் கரை.

பிரவீனா எனக்கு யார் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வயர் கட்டுகிற வேலை பார்த்தோம். லைனில் தலைக்குத் தொப்பி போட வேண்டும். அதைக் கழற்றும்போதெல்லாம் அவள் நெற்றிப் பொட்டு தொப்பியோடு போய்விடும். அவளுக்குத் தெரியாது. நான்தான் "பொட்டு போச்சு பாரு" என்பேன். பிறகு இருவரும் சுயேச்சையாக நின்று, ஒரே ஆட்டோவில் ஓட்டுக் கேட்டு, ஒரே நாளில் ஜெயித்தோம். மன்றக் கூட்டத்தில் பேசும்போது வியர்த்து அவள் பொட்டு நழுவினால் இப்போதும் நான்தான் கண்ணைக் காட்டுவேன். பொட்டே வைக்காத நான் அவள் பொட்டுக்குக் காவல். அவள் மகள் சுவாதி சின்னதில் என் மடியில்தான் பாதி நேரம் தூங்கினாள்.

வேன் கிளம்பிய காலையில் கெம்பம்மா வந்து நின்றாள். "ரெண்டு பேரும் போறீங்கோ. வரும்போது கால்வாயோட வாங்க" என்றாள். பிரவீனா என் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள்.

ரிசார்ட்டில் முதல் கூத்து வாசலிலேயே நடந்தது. பெண் கவுன்சிலர்களின் புருஷன்மார் வழக்கம்போல உள்ளே வந்து நாற்காலி பிடித்துவிட்டார்கள். முகாம் நடத்த வந்தது அருணா என்று ஒரு சின்னப் பெண். கர்நாடகத்தில் வளர்ந்த தமிழ். "கவுன்சிலர் மட்டும்தான் சார் இருக்கணும்" என்றாள். மூன்றாவது வார்டு லட்சுமியம்மாளின் வீட்டுக்காரர், "நான்தாம்மா கவுன்சிலர். அவங்க கையெழுத்து மட்டும் போடுவாங்க" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். அருணா அசையவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் போன்களையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டாள். பிரவீனாவின் வீட்டுக்காரர் திருமலை கேட்டருகில் புளியமரத்தடியில் பைக் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். போன் வாங்கிவிட்டார்கள் என்ற செய்தியை அவர்தான் ஊருக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த முதல் நாள் ரொம்பப் பிடித்திருந்தது. லட்சுமியம்மாள் எழுந்து நின்று தன் வார்டுப் பொதுக் கழிப்பறையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவார் என்று யாரும் நினைத்ததில்லை. தலைவர் எல்லப்பனே வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கால்வாயைப் பற்றிப் பேசினேன். அரிசி மூட்டையையும் சொன்னேன். பிரவீனா எழுந்து, "அது என் வீட்டு வாசல்லயும்தான் நாறுது" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

சுவர் முழுக்கச் சார்ட்டுகள். குடிநீர்த் தொட்டி, கால்வாய், இணைப்புச் சாலை, நுழைவு வளைவு, பூங்கா, எரிமேடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இந்த வருஷ நிதிக்கு முதல் இரண்டு வேலைகள்தான். ஆளுக்கு மூன்று சிவப்பு வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, எது முக்கியமோ அதில் ஒட்டச் சொன்னாள் அருணா. நானும் பிரவீனாவும் எங்களுடைய மூன்றையும் கால்வாயிலேயே ஒட்டினோம். அவள் ஒட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். குடிநீர்த் தொட்டி முதலில் வந்தது. அதில் யாருக்கும் சண்டையில்லை. இரண்டாவது இடத்தில் கால்வாயும் இணைப்புச் சாலையும் சமமாக நின்றன.

இணைப்புச் சாலை என்பது ஊரிலிருந்து ரிங் ரோட்டுக்குப் போக வேண்டிய சாலை. வழியெல்லாம் கல் நட்ட மனைகள், நடுநடுவே பாதி கட்டிய நாலைந்து வீடுகள். இன்னும் யாரும் குடிவராத இடத்துக்கு ரோடு எதற்கு என்று நான் கேட்டேன். "வருவாங்கம்மா" என்றார் எல்லப்பன்.

மறுநாள் சாயங்காலம் அதற்கு மட்டும் தனி ஓட்டு. இந்த முறை ரகசியமாக. இரண்டு சார்ட்டுகளையும் பக்கத்து அறையில் மாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, வார்டு வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே போகச் சொன்னாள் அருணா. நான் போய் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்துப் பிரவீனா போனாள். அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. வெளியே வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்தேன்.

எல்லோரும் முடித்த பிறகு அருணா எண்ணிவிட்டு வந்து சொன்னாள். சாலைக்கு எட்டு. கால்வாய்க்கு ஏழு.

ஒரே ஓட்டு. பிரவீனா என் கையை அழுத்தினாள். "விடு ஹீனா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையில்கூட, பாவம் இவளுக்கும்தானே இது தோல்வி என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பைத்தியக்காரி நான்.

மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லோரும் போனையும் பையையும் எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அருணா தனியாகச் சார்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்ததால் நான் அந்த அறைக்குப் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

சாலைச் சார்ட்டில் ஏழு சிவப்பு வட்டங்கள் இருந்தன. எட்டாவது வட்டமாக இல்லை. நீள்வட்டம். அரக்குச் சிவப்பு, அடியில் பொடிசாக ஒரு வெள்ளைக் கல்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கீழே பார்த்தேன். மேஜைக் காலடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தன் மேலேயே மடங்கி, ஒட்டிச் சுருண்டு கிடந்தது. ஈரக் கையோடு உரித்தால் அப்படித்தான் ஆகும். இன்னொன்று கேட்க வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. குளிக்கப் போகும்போது குளியலறைச் சுவரிலும், படுக்கப் போகும்போது கண்ணாடியிலும் ஒட்டி ஒட்டிப் பழகிய கை தானாக நெற்றிக்குப் போயிருக்கிறது.

வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். இருக்க முடியாது. ஓசூர்த் தேரின்போது கடைவீதியில் அந்தப் பொட்டு அட்டையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். கல் வைத்தது உனக்கு எடுப்பாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

"எல்லார்க்கும் இதே ஸ்டிக்கர்தான குடுத்திருந்தேன்?" என்று அருணா அந்தப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். "லேடீஸ் கிட்ட ஸ்டிக்கருக்குப் பஞ்சமே இல்ல மேடம்."

நான் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். என் கைதான் சுருட்டியது. மற்றபடி நான் அங்கே இல்லை. அவள் புருஷன் சொல்லிச் செய்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். புருஷனை வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். போனையும் வாங்கிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல் அவளே முடிவெடுக்க ஒரு அறை கிடைத்தது. அந்த அறையில் அவள் என் காலைத்தான் வாரிவிட்டாள்.

வேனில் கடைசி இருக்கையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஜன்னல் காற்றுக்குத் தலைப்பைத் தலைமேல் இழுத்துப் போர்த்தியிருந்தாள். எல்லோருக்கும் முகாமின் அன்பளிப்பாகக் கொடுத்த ஹாட்பாக்ஸ்கள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. லட்சுமியம்மாள் ஏறியதும் தூங்கிவிட்டார். அத்திப்பள்ளி நெரிசலில் வேன் நின்றபோது பிரவீனா பேச ஆரம்பித்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நாங்க வீடு மாத்தறோம்."

"எங்க?"

"ரிங் ரோட்டுப் பக்கம். மனை வாங்கி ரெண்டு வருசமாச்சு. வீடு கூரை மட்டம் வந்துடுச்சு. அவருதான் யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சுவாதியப் பாக்க மத்தூர்லருந்து வந்தாங்கல்ல. நல்ல இடம். அந்தம்மா வாசல்ல எறங்கும்போதே மூக்கப் பொத்திக்கிட்டாங்க. காபியக்கூடத் தொடல. எம்பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்டு உள்ளாற உக்காந்திருந்தா ஹீனா. அதுக்கப்புறம் அந்த வீட்ல எனக்குச் சோறு எறங்கல."

அந்த மாப்பிள்ளை வீடு தட்டிப்போனது எனக்குத் தெரியும். காரணம் ஜாதகம் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன். ஜாதகத்துக்காக.

"கால்வாய் கட்டிட்டா யாரும் மூக்கப் பொத்தமாட்டாங்களே" என்றேன்.

"கட்டுவாங்கன்னு நீ நம்புற" என்றாள்.

இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டுக் காபி குடித்திருப்பேன். பெற்றவள் வயிறு எரிவது எனக்குத் தெரியாதா?

"ஆனா கடைசி ஓட்டும் நான் கால்வாய்க்குத்தான் ஒட்டுனேன் ஹீனா. நீ தப்பா நெனச்சிராத. சுவாதி மேல சத்திய..."

அவள் வாயைப் பொத்தினேன். "புள்ள மேல வேணாம்."

"நீ நம்பணும்ல."

"நம்பறேன். சத்தியம் பண்ணாத."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். காற்றில் தலைப்பு விலகியபோது அவள் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

தெருவில் இதை எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். சாட்சி என்னவென்று கேட்டால் பொட்டு என்று சொல்ல வேண்டும். ஹீனா பிரவீனாவின் பொட்டைக் குறை சொன்னாள் என்று மூன்றாவது வீட்டுக்குப் போகும்போதே அது வேறு சண்டையாகிவிடும். அப்புறம் கால்வாய் இருக்காது, சாலை இருக்காது, அவர்கள் இவர்கள் என்றுதான் இருக்கும். எங்கள் தெருவில் இதுவரை அந்தப் பேச்சு வந்ததில்லை. என் வாயால் வர வேண்டாம். நாறுவதற்கு எங்களுக்குக் கால்வாய் போதும். அதனால் ஓட்டு பத்தவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவது என்று தீர்மானித்தேன்.

பாலத்துக் கல்லருகில் வேன் எங்களை இறக்கிவிட்டபோது தூறல் ஆரம்பித்திருந்தது. கெம்பம்மாவும் தெருப் பெண்களும் அங்கேயே நின்றிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கெம்பம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஹாட்பாக்ஸைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

"ஓட்டு பத்தலக்கா. ஒரே ஓட்டு."

"ஒரே ஓட்டு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. போனெல்லாம் புடுங்கி வச்சுக்கிட்டு, பார்டர் தாண்டிப் போயி, ரெண்டு நாளு தின்னுட்டு வந்து ஒரே ஓட்டுன்னு சொல்றா. நாங்கெல்லாம் பொட்டி வாங்கறதப் பாக்காதவங்களா? இதே கல்லு மேல நின்னுதான சொன்ன நீனு?"

கால்வாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. யாரும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்த எல்லோரும் என் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தவர்கள். நான் பிரவீனாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹீனா விற்கவில்லை என்று, அது மட்டும் போதும். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூட வேண்டாம்.

பிரவீனா முன்னால் வந்து என் தோளில் கை போட்டாள். "விடுங்கக்கா. ஹீனாவ மட்டும் சொல்லி என்னா பண்றது. அவளுக்கு என்னா கஷ்டமோ" என்றாள்.

எனக்கு என்ன கஷ்டமோ. அதைக் கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி இந்தத் தெருவில் யாரும் என்னை நம்பப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சாலைக்கு ஓட்டுப் போட்டதைக்கூட நான் மன்னித்திருப்பேன். என் தோளில் கிடந்த அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஹோகலி பிடு, போவட்டும்" என்று கெம்பம்மா என்னைக் கைகழுவிவிட்டுப் பிரவீனா பக்கம் திரும்பினாள். பிரவீனாவின் தலைப்பு தோளுக்குச் சரிந்திருந்தது. "ஏன்மா, நெத்தி என்னா வெறுசா இருக்குது? வெளக்கு வைக்கற நேரத்துல."

பிரவீனாவின் கை நெற்றிக்குப் போனது. தடவிப் பார்த்தாள். "எங்கியோ விழுந்துட்டிருக்குதுக்கா" என்றவள், உரிமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் ஹீனா, இவ்ளோ நேரம் பக்கத்துலதான இருந்த. நீ சொல்லவே இல்லியே?"

அவள் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

"விழல பிரவீனா. ரோட்டுச் சார்ட்டுல நல்லாத்தான் ஒட்டியிருக்குது. நான்தான் சுருட்டி வச்சுட்டு வந்தேன்."

கெம்பம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தச் சார்ட்டு? என்னா சொல்றா இவ?" என்று பிரவீனாவைக் கேட்டாள். நெற்றிக்குப் போன பிரவீனாவின் கை அங்கேயே நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. ஹாட்பாக்ஸைப் பாலத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்தேன். சொன்னது போலவே, தலையைக் குனிந்துகொண்டு.